வாப்பாவின் காருக்கு ஒரு பெட்டி

நமது நாட்டில் பழைய கார் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மொரிஸ் மைனர்தான். 1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். அவர் 1906இல், அன்று உஸ்மானிய ஆட்சியில் இருந்த இஸ்மிர் நகரில் பிறந்தவர். 1971 வரை 16 இலட்சத்துக்கும் அதிகமான மைனர் கார்கள் செய்யப்பட்டன. இலங்கையில் 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தபடியால், இருக்கும் காரைப் பழுது பார்த்துப் பழுது பார்த்தே ஓட்டும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எங்கள் வீட்டில் உறங்கிக் கிடந்த மைனர் 1000 அந்த வருடங்களில்தான் மறுபடி தெருவுக்கு வந்தது.

அது வாப்பாவின் கார். வாப்பாவுக்கு இப்போது எண்பது வயது கடந்துவிட்டது. கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். நான் ஓட்ட, இடப்பக்க முன் ஆசனத்தில் அமர்ந்து வருவார். வழியில் வானொலி முஸ்லிம் சேவை கேட்க வேண்டும், பழைய ஒலிநாடாக்களிலிருந்து மாற்றியெடுத்த கிராஅத்துகளைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கதவில் நான்கு பெரிய வட்டம் வெட்டி நான்கு ஸ்பீக்கர் பூட்டலாம் என்றான் என் மகன். வாப்பா இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்: “ஒரு ஓட்டையும் போடப்படாது. எனக்குச் சத்தம் வேணாம் மகன், சொல்லு விளங்கினாப் போதும்.”

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. வயது முதிரும்போது காது முதலில் இழப்பது மெல்லிய, உயர்ந்த ஒலிகளை. ஸீன், ஷீன், ஃபே போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது அந்த ஒலிகளே. தஜ்வீத் கற்பிக்கும் எவருக்கும் இது தெரியும். மைனரின் என்ஜினோ தணிந்த குரலில் ஓயாமல் உறுமும். அந்த உறுமல் மெல்லிய ஒலிகளை மூடிவிடும். இந்த நிலையில் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், பேச்சுத் தெளியாது.

ஸ்பீக்கருக்குப் பெட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கம் காற்று நெருங்குகிறது. அதே நேரம் பின்பக்கம் காற்று தளர்கிறது. முன்னிருந்தும் பின்னிருந்தும் வரும் இந்த இரண்டு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தணிந்த ஒலிகளே இதில் முதலில் போய்விடும், குரல் தகரத்தில் தட்டியதுபோல் வரும். பின்னலையை அடைத்து வைப்பதே பெட்டியின் வேலை. காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் இருக்கும் காற்றையே கூம்புக்கு வில்லாக ஆக்கலாம் என்பதை 1954இல் எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர் செய்து காட்டினார். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி என்று கணக்கிடும் முறையைப் பின்னர் வகுத்துத் தந்தவர்கள் அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரும்.

கடையில் விற்கும் சதுரப் பெட்டி மைனருக்குள் அடங்காது. முன் தட்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தின் ஓரம் வளைந்தும் சரிந்தும் இருக்கும். அந்த வளைவுக்கு ஏற்றபடி பெட்டி செய்ய யார் இருக்கிறார் என்று விசாரித்தபோது, கராஜ்காரர் சொன்ன ஊர் குருக்கள்மடம். அங்கே வாவிக்கரைப் பக்கம் தோணி செய்யும் ஓடாவியார் ஒருவர், மரமும் தெரிந்தவர், பைபர் கிளாஸும் தெரிந்தவர் என்றார்.

காத்தான்குடி வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1990 ஜூலையில், ஹஜ் முடித்துத் திரும்பியவர்கள் உட்பட, காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம்கள் பலர் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு கல்முனை வீதியில் எத்தனையோ தடவை போய்வந்த வாப்பா, அந்த ஊரில் ஒரு தடவையும் காரை நிறுத்தியதில்லை. நான் ஊரின் பெயரைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “வேலை தெரிஞ்ச ஆளா?” என்று மட்டும் கேட்டார். ஆரையம்பதி, கிரான்குளம் தாண்டிப் போய் இறங்கினோம்.

ஓடாவியாருக்கு எழுபது வயதிருக்கும். “காக்கா, கதிரையில இருங்க” என்று வாப்பாவை நிழலில் இருத்திவிட்டுக் காரைச் சுற்றிப் பார்த்தார். அவர் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஓர் இளைஞனின் படம் மாலையோடு தொங்கியது. யாரென்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வேலையில் அவர் காட்டிய ஒழுங்கை விரிவாகச் சொல்ல வேண்டும். சாரதியின் பக்கம் பெட்டி வைக்கவே கூடாது என்றார். பிரேக் மிதிக்கும் காலுக்குப் பக்கத்தில் ஒரு பொருளும் இருக்கலாகாது. ஆகவே இடப்பக்க மூலையில் ஒன்று, பின் ஆசனத்துக்கு மேலுள்ள தட்டில் சிறியது ஒன்று, அதுவும் சத்தம் குறைத்து என முடிவானது. முதலில் பழைய அட்டைப் பெட்டியை வெட்டி மாதிரி செய்தார். பிறகு காரின் தகரத்தை ஒட்டுத் தாளால் மூடி, அதன்மேல் பைபர் பாயை மூன்று அடுக்காக விரித்து ரெசின் பூசினார். நமது வெயிலில் கடினமாக்கும் மருந்தைக் குறைத்துச் சேர்க்க வேண்டும், கூடினால் சூடேறி வெடித்துவிடும் என்றார். இறுகிய பின் கழற்றி எடுத்தபோது, காரின் வளைவு அச்சாக அதில் பதிந்திருந்தது. தகரத்தில் ஒரு கீறல் இல்லை.

முன்பலகைக்கு 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட். வாவிக்காற்றின் ஈரத்தில் தூள்பலகை ஊதிப் போகும் என்பதால் அதைத் தொடவில்லை. அந்தப் பலகையை நேராக வைக்காமல் மேல்நோக்கிச் சரித்தார். மெல்லிய ஒலி விளக்கு வெளிச்சம் போல நேராகவே போகும். முழங்காலைப் பார்த்து வைத்தால் சாரனே அதைக் குடித்துவிடும். கதிரையிலிருந்த வாப்பாவை அழைத்துக் காரில் அமர்த்தி, அவர் காதுக்கு ஒரு நூல் பிடித்துத்தான் சரிவைக் குறித்தார்.

ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு சுமார் 8 லீட்டர் உள்ளளவு தேவைப்பட்டது. கோணல் பெட்டியை அடிமட்டத்தால் அளக்க முடியாது. லீட்டர் கணக்கில் அரிசியைக் கொட்டி அளந்தோம். உள்ளே இலவம்பஞ்சைத் தளர்வாக, துணியில் பொதிந்து வைத்தார். கூம்பை விரலால் மெதுவாக அமுக்கி விட்டால் அது உடனே துள்ளாமல் ஆறுதலாகத் திரும்ப வேண்டும். அப்படியென்றால் காற்றுக் கசிவில்லை. “தண்ணி புகாம அடைக்கத் தெரிஞ்சவனுக்குக் காத்த அடைக்கிறது பெரிய வேலையில்ல மௌலவி” என்றார்.

முகப்புக்குத் துணிக்குப் பதிலாக, பழைய சாய்மனைக் கதிரைகளில் இருக்கும் பிரம்புப் பின்னல். மற்றப் பக்கங்களுக்கு ஆசனத்தின் நிறத்திலேயே ரெக்சின். பெட்டி மேல் தட்டுக்கும் தரைக்கும் இடையே ஆப்புப் போல் இறுகி நிற்கிறது. ஓர் ஆணியும் இல்லை.

மின்சாரத்தில் ஒரு கவனம் தேவை. மைனரில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய கருவிகளில் இது மறுதலை. அவற்றின் தகர உறை கார் உடம்பில் பட்டால் வயர் எரியும். ஆகவே சிறிய அம்பிளிபயரைத் தகரம் எங்கும் படாதபடி மரப்பெட்டிக்குள்ளேயே பூட்டி, பற்றரியிலிருந்து தனியாக இரண்டு வயர் இழுத்து, பற்றரியின் எதிர்முனையில் பியூஸ் போட்டோம். மைனரின் டைனமோ 22 அம்பியர் அளவே தரும். இரவில் விளக்குகளுக்கே அது சரியாகப் போகும். பெரிய அம்பிளிபயருக்கு அங்கே இடமில்லை.

பழைய கார் வைத்திருக்கும் சகோதரர்கள் ஒன்றை மனதில் வைக்கலாம். வெட்டிய கதவு மறுபடி ஒட்டாது. நமக்குப் பின் அந்தக் காரை யார் வைத்திருக்கப் போகிறார் என்பதும் நமக்குத் தெரியாது. கழற்றி எடுத்தால் கார் முன்னிருந்தபடியே இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை முதலில் வைத்துவிட்டால், இடம், வடிவம், பொருள் எல்லாம் அதற்குப் பின்னால் ஒழுங்காக வரும்.

வேலை முடிந்து திரும்பும்போது ஓதல் ஒன்றைப் போட்டேன். கிரான்குளம் வரை வாப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு காரி ஓரிடத்தில் நிறுத்தி ஓதியதும், அடுத்த வசனத்தின் முதல் சொல்லை அவருக்கு முன்னமே மெல்லச் சொன்னார். ஆரையம்பதி தாண்டும்போது, பின்பெட்டியின் பிரம்பு ஒரு மூலையில் தளர்ந்திருக்கிறது என்றார். “அடுத்த மாசம் ஓடாவியாரிட்டக் கொண்டுபோகணும்” என்றார்.