ஐந்து மாதக் கணக்கு

ஜனவரி இரண்டாம் வாரம். அமெரிக்கப் பல்கலைக்கழக ஊர்களில் அடுத்த செமஸ்டர் தொடங்குகிறது. விடுப்பு முடிந்து திரும்பும் ஆராய்ச்சி மாணவரை ஆய்வகக் கட்டட வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். அடையாள அட்டையைக் கதவில் காட்டுவார். சிவப்பு விளக்கு எரியும். திருப்பிப் போட்டுக் காட்டுவார், மறுபடியும் சிவப்பு. விடுப்பில் போன அன்றே அட்டை செயலிழந்துவிட்டது. யாராவது உள்ளே போகும்போது பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

உள்ளே அவருடைய மேசையில் முதலாண்டு மாணவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் அவருடைய மாதிரிப் பெட்டிகள் கடைசி அடுக்கின் மூலைக்குப் போயிருக்கும். மேலே படிந்த பனியைச் சுரண்டினால், மார்க்கரில் எழுதிய தேதி பாதி அழிந்திருக்கும். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒழுங்காக ஓடிய பைத்தான் நிரல், முதல் வரியிலேயே பிழை காட்டும். எந்த மடையன் இதை இப்படி எழுதினான் என்று பார்த்தால், எழுதியவர் அவரேதான்.

போவது எளிது. காரணம், தேதி, நெறியாளர் கையெழுத்து; விண்ணப்பம் அவ்வளவுதான். பிரசவம், நோய், ஊரில் பெற்றோரின் நிலைமை, பணமுடை, சில சமயம் வெறும் அலுப்பு. லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் படிப்பைப் பாதியில் விட்டு கூகுளைத் தொடங்கினார்கள். ஆய்வேடு என்ன ஆயிற்று என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. மற்றவர்களை மாமா, சித்தப்பா தொடங்கிப் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் கேட்பார்கள்.

திரும்பி வந்தவர் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் பிரையன் மே. குயீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1970-இல் வானியற்பியலில் ஆய்வைத் தொடங்கினார். சூரியக் குடும்பத்தின் தளத்தில் சிதறிக் கிடக்கும் தூசு எந்தத் திசையில், எந்த வேகத்தில் நகர்கிறது என்பது கேள்வி. டெனரீஃப் தீவின் மலையுச்சிக்குப் போய் அந்தத் தூசின் மங்கல் ஒளியை அளந்தார். 1972-இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. ஆய்வேடும் பெரும்பகுதி எழுதியாகிவிட்டது. 1974-இல் குழு உலகப் புகழை நோக்கிக் கிளம்ப, ஏடு வீட்டில் தங்கிவிட்டது. 2006-இல் மீண்டும் பதிவு செய்து, 2007-இல், அறுபது வயதில், முனைவர் ஆனார்.

கதை இவ்வளவோடு நின்றால் பட்டமளிப்பு விழாப் பேச்சுக்குத்தான் உதவும். அது எப்படி முடிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலாவது, அந்தத் தூசின் வேகத்தை அளக்கும் வேலையில் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அதிகம் பேர் இறங்கவில்லை. எழுபதுகளில் எடுத்த அளவுகளுக்கு 2007-இலும் மதிப்பு இருந்தது. மரபணுத் துறையிலோ கணினித் துறையிலோ இருந்திருந்தால் அந்தக் குறிப்பேடுகள் பழைய பேப்பர் கடைக்குத்தான். இரண்டாவது, இம்பீரியலில் மைக்கேல் ரோவன்-ராபின்சன் அவரை மாணவராக ஏற்றுக்கொண்டார். 1983-இல் விண்ணுக்குப் போன ஐராஸ் அகச்சிவப்புத் தொலைநோக்கித் திட்டத்தில் இருந்தவர். அதே தூசில் வளையங்கள் இருப்பதைக் காட்டிய தொலைநோக்கி அது. விட்ட இடத்துக்கும் வந்த இடத்துக்கும் நடுவே துறையில் நடந்ததை எல்லாம் அறிந்த நெறியாளர் வாய்த்தார். மூன்றாவது, மே தன் சொந்த நாட்டில் படித்தார்; கையில் காசும் இருந்தது. உதவித்தொகையும் வேண்டாம், விசாவும் வேண்டாம்.

இந்த மூன்றாவதுதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடிக்கிறது.

அப்பாவுக்குப் பக்கவாதம் என்று செய்தி வந்து, ஒரு செமஸ்டர் விடுப்பில் ஊருக்குக் கிளம்பும் மாணவியை எடுத்துக்கொள்வோம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் படிப்பை நிறுத்த வேண்டும். செவிஸ் என்ற அரசுப் பதிவேட்டில் அனுமதி பெற்ற விலகல் என்று பதிந்ததும், நாட்டை விட்டுக் கிளம்ப 15 நாள். சொல்லாமல் விமானம் ஏறினால் அந்தப் பதிவில் கறை ஏறும்.

ஐந்து மாதத்துக்குள் திரும்பினால் அலுவலகமே பழைய பதிவை உயிர்ப்பிக்க முயலும். அதைத் தாண்டினால் எல்லாம் முதலிலிருந்து. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் புதிதாக, மறுபடியும் 350 டாலர் செவிஸ் கட்டணம், சென்னை அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் புது விசாவுக்கு நேர்காணல். இன்னொரு இடியும் உண்டு. சி.பி.டி., ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சி அனுமதிக்கு ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். முன்பு படித்த வருடங்கள் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. கோடைகாலப் பயிற்சிக்கு நிறுவனம் கூப்பிட்டாலும் காத்திருக்க வேண்டும்.

மாணவிக்கே உடம்பு சரியில்லை என்றால் விதி வேறு. மருத்துவர் கடிதம் இருந்தால், அமெரிக்காவிலேயே இருந்துகொண்டு பாடச்சுமையைக் குறைக்கலாம், தேவைப்பட்டால் முழுதாகவே விடலாம். மொத்தம் 12 மாதம் வரை. அப்பாவின் நோய்க்கு அந்தச் சலுகை இல்லை. மாணவியின் சொந்த மன அழுத்தம் அந்தச் சலுகையில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. வளாகத்தில் உள்ள மனநல மருத்துவரைப் பார்க்கக் கூச்சப்பட்டு, ஊருக்குப் போய்த் தேறி வரலாம் என்று கிளம்பிய பிறகுதான் ஐந்து மாதக் கணக்கு கண்ணில் படுகிறது.

பிறகு பணம். நெறியாளரின் ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குத்தான் வரும். மாணவர் திரும்பும்போது அது தீர்ந்திருக்கலாம், அல்லது அந்த முதலாண்டு மாணவருக்குப் போயிருக்கலாம். முன்பு முழுநேரம் ஆய்வில் இருந்தவர், சம்பளத்துக்காகப் பட்டவகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஆய்வைப் பார்க்க வேண்டியிருக்கும். இது தண்டனையல்ல என்று நிர்வாகம் சொல்லும். வாரம் இருபது மணி நேரம் போவது போவதுதான்.

ஆகையால் கிளம்பும் முன்பே நெறியாளரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "நான் வரும்போது எந்தப் பணத்தில் வைத்துக்கொள்வீர்கள்?" பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வது உத்தமம், முகத்துக்கு நேரே கேட்கத் தயக்கமாக இருந்தாலும். நிரல்களை அவற்றின் பதிப்பு எண்களோடு சேமித்துவிட்டுப் போகலாம். பெட்டிகளில் பெயரோடு, கூட இருக்கும் தோழியின் கைப்பேசி எண்ணையும் எழுதலாம். ஜனவரியில் திரும்ப நினைப்பவர் செப்டம்பரிலேயே ஐ-20-க்கு எழுதத் தொடங்குவது நல்லது. ஆகஸ்டில் திரும்புகிறவர்களுக்கு இன்னும் நெருக்கடி. அந்தக் கோடையில் புதிதாகச் சேரும் அத்தனை பேரும் தூதரகத்தில் அதே நேர்காணல் தேதிக்குத்தான் மோதிக்கொண்டிருப்பார்கள்.