புவான் வீட்டுச் சாப்பாடு

பிரெஞ்சுச் சமையல்காரர் ஃபெர்னான் புவானுக்கு நேற்றைய சாஸ் ஆகாது. ஒவ்வொரு நாளும் காலையில் அடுப்படி வெறுமையாக இருக்க வேண்டும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் சமையலறையின் சட்டம். அப்படிப்பட்டவர் பெயரால் புகழ்பெற்ற உணவகத்துக்கு, நூறு வருஷத்துப் பழமையை ருசி பார்க்க வேண்டும் என்று உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். நானும் போனேன்.

லியோனிலிருந்து தெற்கே ரயிலில் சிறிது நேரத்தில் வியென் வந்துவிடும். ரோன் ஆற்றங்கரை ஊர். ரோமானியர் காலத்துத் தேர்ப்பந்தய மைதானத்தின் நடுவே நின்ற கூம்புத் தூண் ஒன்று இன்னும் அப்படியே நிற்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது பிரமிட். இயேசுவுக்குத் தண்டனை விதித்த பிலாத்துவின் கல்லறை என்றுகூட ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் இருப்பதால் உணவகத்துக்கு 'லா பிரமிட்' என்று பெயர். தெருவுக்கோ இப்போது புவானின் பெயர்.

அவர் 1920-களில் இங்கே கடை போட்டபோது, பாரிஸிலிருந்து மத்தியதரைக் கடற்கரைக்குக் காரில் போகிற பணக்காரர்கள் 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். மதியம் பசிக்கும் நேரத்துக்கு வியென். மிஷ்லின் கையேடும் டயர் கம்பெனி கார்க்காரர்களுக்காகப் போட்ட புத்தகம்தானே. 1933-ல் புவானுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தது. ஆள் ஆஜானுபாகு. கழுத்தில் பெரிய பட்டு 'போ' டை. காலையில் முகச்சவரம் நடக்கும்போதே பக்கத்தில் ஷாம்பெய்ன் பாட்டில் திறந்திருக்கும் என்பார்கள். சமையலில் வெண்ணெய்; போதாவிட்டால் இன்னும் வெண்ணெய்.

இவருடைய சமையலறையில் தொழில் பழகியவர்கள்தான் போல் பொக்கூஸும் த்ருவாக்ரோ சகோதரர்களும் அலென் ஷப்பேலும். 1970-களில் மாவு கரைத்த கனமான சாஸ்களைக் குறைத்து, 'நுவெல் குயிஸின்' என்று பிரெஞ்சுச் சமையலையே திருப்பிப் போட்ட தலைமுறையின் பெரிய பெயர்கள். வெண்ணெய்க்காரரின் பட்டறையிலிருந்து இப்படி வந்தார்களே என்று தோன்றலாம். எனக்கு அது இயல்பாகத்தான் படுகிறது. நம் நாதஸ்வர வித்வான்களின் வீட்டிலும் இதுதான் நடந்தது: குரு வாசித்த ராகத்தைச் சீடன் அச்சுப் பிசகாமல் வாசித்தால் நகல், தன் கற்பனையில் வாசித்தால் பாணி.

புவான் 1955-ல் காலமானார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் உணவகத்தை நடத்தியவர் அவர் மனைவி மதோ. நட்சத்திரம் ஒன்றுகூட அவர் கையில் உதிரவில்லை. சமையல் வரலாற்றுப் புத்தகங்கள் கணவருக்கு அத்தியாயமும் மனைவிக்கு ஒரு பத்தியும் ஒதுக்குகின்றன. எழுதியவர்கள் பில் கட்டிச் சாப்பிட்டவர்கள், கல்லாவில் உட்கார்ந்தவர்கள் அல்ல. மதோவின் காலத்துக்குப் பிறகு, 1989-ல் சமையல்காரர் பாத்ரிக் ஆன்ரிரூ பொறுப்பேற்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் போனால் செலவு கொஞ்சம் குறையும். குறைந்ததும் அதிகம்தான், அதைப் பேசி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வானேன். மேசை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. வைன் பரிமாறும் இளைஞர் கோந்திரியூ வெள்ளை வைனைக் கிளாஸில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றிவிட்டு, "முதலில் முகர்ந்து பாருங்கள், அவசரமில்லை" என்றார். நன்றாகப் பழுத்த ஆப்ரிகாட் வாசனை, கூடவே ஏதோ வெள்ளைப் பூவின் வாசனை. மூக்கு நம்பிவிட்டது, இனிக்கப்போகிறது என்று. நாக்கில் இனிப்பே இல்லை. வெண்ணெய் சாஸில் மீன் வந்த பிறகுதான் அந்த வைனின் சாமர்த்தியம் தெரிந்தது. ஒவ்வொரு வாய்க்கும் நடுவே நாக்கில் படிந்த வெண்ணெயை வழித்து எடுத்துவிடுகிறது.

இந்த வைன் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருக்க வேண்டியது. ஆற்றின் மறுகரையில், கோந்திரியூவின் செங்குத்தான சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களில் இதற்கான வியோனியே திராட்சை விளைகிறது. டிராக்டர் ஏறாது, எல்லாமே கைவேலை. ஃபிலோக்ஸெரா பூச்சி கொடிகளைத் தின்றது, முதல் உலகப் போர் ஆட்களைத் தின்றது, மிச்சப் பேர் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். 1960-களில் கோந்திரியூவில் சில ஹெக்டேர்தான் மிச்சம். பக்கத்து ஷத்தோ-கிரியே இன்னும் சின்னது: ஒரே தோட்டம், நாலு ஹெக்டேருக்கும் குறைவு, ஆனால் தனியாக ஒரு புவிசார் வைன் பெயர். அந்த மெலிந்த காலத்தில் இந்த வைன்களைப் பாரிஸ்காரர்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டதில் புவானின் மேசைக்குப் பங்கு உண்டு. இன்று கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வியோனியே நடுகிறார்கள். சமையல் குறிப்பைக் காப்பாற்றுவதைவிட இது பெரிய காரியம் என்பேன். குறிப்பைப் புத்தகத்திலிருந்து மீட்கலாம், பிடுங்கிய கொடியை எங்கிருந்து மீட்பது?

சீஸ் வண்டியில் ரிகோத் இருந்தது. கோந்திரியூவின் பெயரையே தாங்கிய ஆட்டுப்பால் சீஸ், ஒரு வில்லை முப்பது கிராம்தான். நான் இரண்டு கேட்டேன். அந்த இடத்தில் வெட்கப்படக் கூடாது.

இனிப்புக்கு ஆன்ரிரூவின் பேர்போன சாக்லேட் பியானோ வந்தது. வருஷந்தோறும் கோடையில் ஊரின் ரோமானிய அரங்கில் ஜாஸ் விழா நடக்கிறது, அதற்கான மரியாதை. பக்கத்து மேசையில் இருந்த முதியவருக்கும் அதுவேதான் வந்தது, ஆனால் அவர் முகம் சரியில்லை. புவான் உருவாக்கிய மார்ழொலேன், அதாவது பாதாமும் ஹேசல்நட்டும் சேர்த்த மெரிங் தகடுகளுக்கிடையே கிரீம் அடுக்கிய கேக், அவருக்கு அதுதான் வேண்டுமாம். சின்ன வயதில் அப்பா இங்கே கூட்டிவந்தபோது சாப்பிட்டாராம். அந்த ருசி பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை என்று என்னிடமும் பரிமாறுபவரிடமும் மாறி மாறிச் சொன்னார்.

"அப்போது உங்களுக்கு ஏழு வயது" என்றார் அவர் மனைவி. "எதைக் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் சொல்வீர்கள்."

முதியவர் பதில் சொல்லவில்லை. பியானோவின் மூடியை ஸ்பூனால் உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு மனைவியின் தட்டில் இருந்ததையும்.