அப்புத்தளை இறக்கமும் நெளிந்த பிறேக் தட்டும்

பதுளை மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் இருக்கிறது அப்புத்தளை. அங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் போனால் தம்பேத்தன்ன தோட்டம். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்றும் அங்கே நிற்கிறது. அதற்கும் மேலே, அவர் அமர்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் 'லிப்டன் சீற்'. பாதை நெடுகிலும் நிரை நிரையாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள்.

எங்கள் வன்னி சமதரை. சைக்கிள் பிறேக் பிடிக்காவிட்டால் காலை ஊன்றி நிறுத்திவிடலாம். அங்கேயோ ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பிறேக்தான் உயிர்.

அங்கே மணம் முடித்திருக்கும் என் பெறாமகள் முன்பள்ளி ஆசிரியை. பழைய மவுண்டன் சைக்கிளில்தான் வேலைக்கு இறங்குவாள். அதில் றிம்மைப் பிடிக்கும் றப்பர் கட்டை இல்லை. சில்லின் நடுவே மெல்லிய உருக்குத் தட்டு இருக்கிறது. அதை இரு பக்கமும் கட்டைகள் கவ்வும். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்தால் தட்டு கடுமையாகச் சூடேறும். சூட்டிலோ இடிபட்டோ அது நெளிந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் 'சரக், சரக்' என்று உரசும். கடையில் புதுத் தட்டுப் போடச் சொன்னார்களாம். அவளுடைய சம்பளத்துக்கு அது பெரிய செலவு.

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் எங்களுக்குச் சைக்கிள்தான் லொறியும் அம்புலன்சும். கம்பிகளை இறுக்கித் தளர்த்தி றிம்மின் நெளிவை எடுக்க அன்றே பழகியவள் நான். இதுவும் அதே பொறுமை கேட்கும் வேலைதான்.

தட்டு நன்றாக ஆறும்வரை இருந்தோம். கேபிள் பிறேக் என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோம். முதலில் சில்லு நேராகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தோம். பல வேளைகளில் குறை அங்கேதான் இருக்கும். பிறகு பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, சில்லை மெல்லச் சுற்றி, உரசும் இடத்தில் சோக்கால் அடையாளமிட்டோம். அந்த இடத்தைக் கவ்விக்கு வெளியே கொண்டுவந்து, வாயில் சுத்தமான துணி சுற்றிய ஸ்பனரால் மறுபக்கமாகச் சற்றே வளைத்தோம். சுற்றிப் பார்த்து, மறுபடியும் சற்றே. அரை மணித்தியாலத்தில் சத்தம் நின்றது.

தட்டில் எண்ணெயோ கிறீசோ படக்கூடாது. பட்டால் பிறேக் வழுக்கும். வெறுங்கை படுவதும் நல்லதல்ல. சோக்கை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்தோம். புதுத் தட்டு பொதுவாக 1.8 மில்லிமீற்றர் தடிப்பு. 1.5க்குக் கீழே தேய்ந்தாலோ வெடிப்புக் கண்டாலோ நிமிர்த்திப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அவளுடையது அந்த அளவுக்குத் தேயவில்லை.

முதலில் சமதரையில் ஓடிப் பார்த்தாள். "இறக்கத்தில் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டு போகாதை பிள்ளை, விட்டு விட்டுப் பிடி" என்று சொல்லி அனுப்பினேன்.

இத்தகைய சைக்கிள்கள் இப்போது எங்கள் ஊர்த் தெருக்களிலும் ஓடுகின்றன. சகோதரிகளே, ரியூப் ஒட்டவும் சில்லு பூட்டவும் பழகிய எங்கள் கைகளுக்கு இது எட்டாத வித்தையல்ல. வீட்டுச் செலவு மிஞ்சும். நாலு வீட்டாருக்குச் செய்து கொடுத்தால் நாலு காசும் வரும்.