ஏன் எழவில்லை?



எங்கள் பள்ளிக் கணினி அறையின் மூலையில் பழைய கணினி ஒன்று லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குகின்றது. நான்காம் ஆண்டு மாணவர்கள் எழுதிய சிறுகதைகளை அறையிலுள்ள மற்றக் கணினிகளுக்கு வழங்குவது அதிலுள்ள அப்பாச்சி என்னும் சேவை. திரையில் தலைகாட்டாமல் பின்னணியிலேயே பணிபுரியும் நிரல் அது.

பெற்றோர் வருகை நாளுக்கு முந்திய மாலை. அமைப்புக் கோப்பில் சில வரிகளைத் திருத்திவிட்டு, மறுதொடக்கக் கட்டளை கொடுத்தேன். சேவை நின்றது, மீண்டும் எழவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை நானே நிறுத்திவிட்டேன்! பதற்றத்தில் அதே கட்டளையை அடுத்தடுத்துக் கொடுத்தேன். 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால், சேவைகளை மேற்பார்க்கும் சிஸ்டம்டி பொதுவாக அடுத்த முயற்சியையே மறுத்துவிடும். அதுவும் நேர்ந்தது.

தந்தைக்காகக் காத்திருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஏன் முடியலன்னு அது சொல்லாதா, டீச்சர்?"

சொல்லும். நான்தான் கேட்கவில்லை.

'ஜர்னல்சிடிஎல்' கட்டளையால் பதிவேட்டைத் திறந்தேன். கோப்பின் பெயரும் வரி எண்ணும் அங்கே இருந்தன. திறந்த பகுதியொன்றை மூடும் குறியை எழுதாமல் விட்டிருந்தேன். மேற்கோள் குறியை மூட மறந்த மாணவர்களுக்குச் சிவப்பு மையால் வட்டமிடுபவள் நான்! குறியைச் சேர்த்து, 'அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்' கொண்டு கோப்பைச் சோதித்தேன், பிழையில்லை. 'சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட்' கொடுத்துத் தோல்விக் கணக்கை நீக்கித் தொடங்கினேன். சேவை எழுந்தது. இச்சோதனையை முதலிலேயே செய்திருந்தால், பழைய அமைப்புடன் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

அன்றிரவு என் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். வாய்விட்டு வாசிக்கையில் பாதியில் நின்றுவிடுவான். "மறுபடி வாசி" என்பேன், மீண்டும் நிற்பான், மீண்டும் அதையே சொல்வேன். சில நாள்களில் அவன் எழுந்து நிற்கவே மறுத்தான்.

மறுவாரம் அவனை அருகில் அமர்த்தி, "எங்கேப்பா சிரமமா இருக்கு?" என்று கேட்டேன்.

"வரி மாறிப் போயிடுது, டீச்சர்."

வரியின் கீழ் வைத்துக்கொள்ள ஓர் அடிக்கோல் கொடுத்தேன். மெதுவாக ஒரு பத்தியை வாசித்து முடித்தான். ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

வீட்டிலும் வகுப்பிலும் "மறுபடி செய்" என்று சொல்லுமுன், "எங்கே நின்றாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே.