அப்பாதானுக்கு அப்பால்

“அப்பாதானுக்கு அப்பால் ஊரில்லை” என்னும் அரபுப் பழமொழிக்கு, நாம் மத்ரஸாவில் ஓதிய நாளில் ஹஜ்ரத் அவர்கள், ‘இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை’ எனப் பொருள் தந்தார்கள். அவ்வூர் எங்கே என்று நாமும் கேட்டோமில்லை.

பின்னர் இப்னு பதூதாவின் பயண நூலில் அதனைக் கண்டோம். உவர்நிலம், பள்ளிவாசல்களும் இறையடியார் தங்கும் ரிபாத்துகளும் உண்டு, பயிர் இல்லை. இன்று ஈரானின் ஆபாதான் என வழங்குவது அவ்வூரே.

அந்த உவர்நிலத்தில் 1912-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. 1908-இல் மஸ்ஜிதெ சுலைமானில் கண்டெடுத்த எண்ணெய் குழாய் வழியே அங்கு வந்து சேர்ந்தது. இந்தியத் தொழிலாளர் பலரும் அங்கு உழைத்தனர்; 1922-இல் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தியவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டனர். நம் பிள்ளைகளின் பாடநூல்களில் இச்செய்தியை நாம் கண்டதில்லை.

ஆலை உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. 1980-இல் ஈராக்கியப் படை ஊரை முற்றுகையிட்டது. 1981 செப்டம்பரில் முற்றுகை முறிந்தும் குண்டுமழை ஓயவில்லை. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வாழ்ந்த நகரில் 1986-இன் குடிக்கணக்கு பதிந்தது 6 பேரை! ரிபாத்துக் காலத்திலும் அத்தனை வெறுமை இருந்திராது.

1988-இல் போர் நின்றது. 1989-இல் ஆலை மீண்டும் இயங்கலாயிற்று. 1991-இல் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் குடியேறியிருந்தனர். ஆயினும் ஆற்றில் உப்பேறிக் குடிநீர் கெட்டதனால் 2018-இல் மக்கள் வீதிக்கு வந்தனர்.

இப்போது அப்பழமொழி பாடத்தில் வரும்போது, பொருள் சொல்லுமுன் கரும்பலகையில் அவ்வூரின் படத்தை வரைந்து காட்டுகிறோம்.