விதையோடு மலையேறுபவர்

செங்கத்துக்கு அருகே எழுந்து நிற்கும் ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, நம் ஊரைத் தொட்டு ஓடுகிறது. செங்கண்மாவின் தலைவன் நன்னனைப் பாடும் மலைபடுகடாம், அன்றே இம்மலைச்சாரலில் தினையும் வரகும் விளைந்ததைச் சொல்கிறது. இன்று அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை பயிரிடுகின்றனர். அவர்களிடம் விதையையும் அறிவுரையையும் கொண்டு செல்பவர் உதவி வேளாண்மை அலுவலர். அவரது பணி நம் சிந்தனைக்கு உரியது.

அவர் சொல்பவை எளியவை. எக்டருக்குக் கை விதைப்பில் 12.5 கிலோ விதை தேவை. வரிசையில் விதைத்தால் 10 கிலோ போதும், களையெடுப்பதும் எளிது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தல் ஆய்வு மையத்தில் உருவாகி, 2019-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.டி.எல். 1 சாமை வறட்சியைத் தாங்கும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும். இவ்வளவு நன்மை இருந்தும், கேட்பவர் உடனே தலையசைப்பதில்லை. ஏன்?

மலையூர் ஒன்றின் களத்துமேட்டில் முதியவர் ஒருவர் கேட்டதை நானும் கேட்டேன்: "நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு சார். பொய்ச்சுப் போனா அடுத்த வருசத்துக்கு விதை ஏது?"

அலுவலர் வாதாடவில்லை. "அப்படின்னா பெரியவரே, கால் காணியில மட்டும் போட்டுப் பாருங்க. மத்ததுல உங்க விதையே இருக்கட்டும்" என்றார்.

முதியவரின் தயக்கம் அறியாமையன்று. குதிரில் இருக்கும் சாமையே அவருக்கு உணவு, அதுவே விதை. விளைச்சல் பொய்த்தால் இரண்டும் போய்விடும். பரிந்துரைத்தவருக்கோ மாத ஊதியம் தவறாது. இந்த வேறுபாட்டை உணர்ந்ததால்தான் அந்த அலுவலரின் சொல் மதிக்கப்பட்டது.

மகசூலை மட்டும் கணக்கிடுபவருக்கு, சாமையை உரலில் குத்தும் பெண்ணின் தோள்வலி தெரியாது. ரேஷன் அரிசி வந்தபின் சாமைச் சோறு குறைந்ததற்கு அந்தக் கடும் உழைப்பும் ஒரு காரணம். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்து உணவகங்களிலும் சாமை இடம்பெற்றது. ஆனால் உமி நீக்கும் இயந்திரம் மலையூருக்கு அருகே வருவதே அப்பெண்ணுக்குக் கொண்டாட்டம். அதைக் கேட்டறிந்து மேலிடத்துக்குச் சொல்வதும் வேளாண் பணியே.

விதைப்பவர் உவமையை விளக்கும்போது நாம் பெரும்பாலும் நிலத்தின் தரத்தையே பேசுகிறோம். நிலத்துக்கு உரியவரிடம் விதைப்பவர் கேட்டறிய வேண்டியதும் உண்டு. குருவாயினும் ஆசிரியராயினும் பெற்றோராயினும், பிறர் வாழ்வில் மாற்றம் ஒன்றைப் பரிந்துரைக்குமுன் நம்மையே கேட்டுக்கொள்வோம்: இது பொய்த்தால் வெறுமையாவது யார் வீட்டுக் குதிர்?