சேமித்தால் மட்டும் போதுமா?

நான் முதுகலை வணிகவியல் படிக்கிறேன். அதனால் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால் ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். "தம்பி, எதுல போட்டா நல்ல வட்டி வரும்?" தங்கமா, சீட்டா, மனையா, மியூச்சுவல் ஃபண்டா என்று பந்தியிலேயே பட்டிமன்றம் தொடங்கிவிடும். "நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பணத்தை வீட்டில் இருப்பவர்கள் எப்படி எடுப்பார்கள்?" என்று மட்டும் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நிதித் திட்டமிடல் என்றாலே பணத்தைப் பெருக்குவது என்றுதான் நாம் நினைக்கிறோம். என்னைக் கேட்டால் அது பாதிதான். சேர்த்த பணம் தேவைப்படும் நாளில், தேவைப்படுபவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் மீதிப் பாதி. இதை நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. பெரியம்மா வீட்டில் பார்த்தேன்.

பெரியப்பா தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சிக்கனமானவர். கணக்கெல்லாம் மனதிலேயே இருக்கும். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் பத்தே நாளில் போய்விட்டார். வயது 48. பெரியம்மாவுக்கு அதுவரை வங்கிக்குள் போய்ப் பழக்கமே கிடையாது. அக்கா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், தம்பி ஒன்பதாம் வகுப்பு. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த நேரம். அதனால் பெரியம்மாவுக்குத் துணையாக அலையும் வேலை எனக்கு வந்தது.

முதலில் தேடல் படலம். பீரோவில் புடவைக்கு அடியில் ஓர் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் கிடைத்தது. கடைக் கல்லாவில் ஒரு பாஸ்புக். பழைய டிரங்குப் பெட்டியில் வைப்புத்தொகை ரசீது இரண்டு. சட்டைப்பை டைரியில் சீட்டுக் கணக்கு, அதுவும் பாதி எங்களுக்குப் புரியாத சுருக்கெழுத்தில். பெரியப்பாவுக்குக் கடன் கொடுத்தவர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அவரிடம் கைமாற்று வாங்கியவர்கள் ஒருவரும் வரவில்லை!

வைப்புத்தொகை இரண்டும் சேர்த்து நாலரை லட்சம். பரவாயில்லை, சமாளித்துவிடலாம் என்று நினைத்தோம். வங்கியில் போய்ப் பார்த்தால் நாமினி இடத்தில் எங்கள் ஆச்சியின் பெயர். ஆச்சி இறந்தது 2012-ல். காப்பீட்டுப் பத்திரம் கல்யாணத்துக்கு முன்பு எடுத்தது. அதில் தாத்தா பெயர். அவரும் இல்லை. பெரியப்பா யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. படிவத்தை நிரப்பிய அன்று எழுதிய பெயர் அப்படியே இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், ஜாமீன் கையெழுத்து என்று நடையாய் நடந்தோம். ஊரடங்கு வேறு. காப்பீட்டுப் பணம் வர ஏழு மாதம். வைப்புத்தொகை வரப் பத்து மாதம். அதற்குள் அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பெரியம்மாவின் செயின் அடகுக்குப் போனது. யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சொந்தப் பணம் நாலரை லட்சம் வங்கியில் தூங்குகிறது. இன்னொரு பக்கம் நகைக்கு மாதாமாதம் வட்டி ஏறுகிறது.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் நடந்தது. பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தபோது 2020 மே மாதக் கடைசியில் 330 ரூபாய் பிடித்திருந்தார்கள். "ஏதோ சர்வீஸ் சார்ஜா இருக்கும்" என்றார் பெரியம்மா. கவுண்டரில் இருந்த அம்மாதான் கவனித்துச் சொன்னார், அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனாவுக்கான பிரீமியம் என்று. 2015-ல் வந்த திட்டம். ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை 2 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு. பெரியப்பா எப்போதோ கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படிவத்தில் நாமினி பெரியம்மா. இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பம் கொடுத்தோம். ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான நாளில் 2 லட்சம் வந்துவிட்டது. கடைக்குச் சரக்குப் போட்டவர்களின் பாக்கியை அதை வைத்துத்தான் அடைத்தார்கள்.

பல வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் பத்து மாதம் கழித்து வந்தது. 330 ரூபாய் கட்டியது உரிய நேரத்தில் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் படிவத்தில் ஒரே ஒரு வரி.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதல் வேலை, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கணக்கிலும் பத்திரத்திலும் நாமினி யார் என்று பார்ப்பது. கல்யாணம், குழந்தை, மரணம் என்று வீட்டில் எது நடந்தாலும் மறுபடி ஒரு முறை பார்ப்பது. 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்று வரிசையாகவும் எழுதலாம். இந்த வசதி முன்பே இருந்து, ஆச்சிக்கு அடுத்து பெரியம்மா பெயரும் இருந்திருந்தால் செயின் அடகுக்குப் போயிருக்காது.

ஆனால் நாமினி என்றால் சொந்தக்காரர் என்று அர்த்தமில்லை. ஒரு காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-லேயே இதைச் சொல்லிவிட்டது. நாமினி பணத்தை வாங்குபவர். உரிமை வாரிசுகளுக்கு. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. வாரிசுகளுக்குள் சண்டை வரும் என்று தோன்றினால் உயில் எழுதலாம். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு அவர்களும் கையெழுத்திட்டால் போதும், பதிவு கட்டாயமில்லை.

இரண்டாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த வங்கியில் என்ன கணக்கு, எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது, யாருக்குத் தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், சீட்டு எத்தனை தவணை பாக்கி. இவ்வளவுதான். ரகசிய எண்ணையோ கடவுச்சொல்லையோ எழுத வேண்டாம். நோட்டு இருக்கும் இடம் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும். பத்து வருடம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடுகிறது. பிறகும் கேட்டு வாங்கலாம், தேட 2023-ல் உத்கம் என்ற இணையதளமும் வந்தது. ஆனால் இப்படி ஒரு கணக்கு இருந்தது என்றே தெரியாவிட்டால் யார் போய்த் தேடுவது?

மூன்றாவது, அந்த 330 ரூபாய்த் திட்டம். 2022 ஜூன் முதல் வருடத்துக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயதுவரை சேரலாம். சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும். 2 லட்சம் ஒரு குடும்பத்தைக் காலத்துக்கும் காப்பாற்றாது. சம்பாதிப்பவருக்குத் தனியாகப் பெரிய தொகைக்கு டேர்ம் காப்பீடு வேண்டும். ஆனால் முதல் அடியைத் தாங்க 2 லட்சம் எவ்வளவு உதவும் என்று நான் கண்ணால் பார்த்தேன்.

உண்மையான சிக்கல் சட்டத்திலோ படிவத்திலோ இல்லை, நம் வாயில்தான் இருக்கிறது. இந்தப் பேச்சை எடுத்தாலே "உனக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்பார் அம்மா. மகன் கேட்டால் சொத்தில் கண் வைத்துவிட்டான் என்று அப்பா நினைக்கலாம். அதனால் "எவ்வளவு இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நாமினி யார் பேர்ல இருக்கு, சரியா இருக்கா?" என்று கேளுங்கள். தொகையைக் கேட்டால்தான் கோபம் வரும். பெயரைக் கேட்டால் வராது. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்பாவே எழுந்துபோய் மூன்று பாஸ்புக்கை எடுத்து வந்தார். ஒன்றில் நாமினி இடம் காலியாக இருந்தது.

நாம் மாணவர்கள், இன்னும் சம்பாதிக்கவில்லை, நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவர் பெரும்பாலும் நாம்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாஸ்புக்கை எல்லாம் வெளியே எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள்.